ஆயில்யம் முடியும்வரை

"ஏன் இவ்வளவு லேட்?"

முப்பத்தெட்டு வயதில் முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டு எங்கே போனாலும் இந்தக் கேள்வி நமக்கு முன்னால் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும். டாக்டர் கேட்பார், நர்ஸ் கேட்பாள், ரத்தம் எடுக்க வருகிறவன் கேட்பான், கிழக்குத் தாம்பரம் மார்க்கெட்டில் கீரை விற்கிறவள் கேட்பாள். நான் ஒரு வங்கியில் அதிகாரி. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று பாஸ்புக்கை நீட்டிக்கொண்டே ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கேட்டார். "உங்களுக்கு முன்னால நிறைய பேர் க்யூவில இருந்தாங்க சார்" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இதெல்லாம் எண்பதுகளின் கடைசியில் நடந்தது. சில வருடங்கள் ஓடிவிட்டன. போன வாரம் எங்கள் கிளையில் வேலை பார்க்கிற ஒரு பெண், முப்பத்தாறு வயது, முதல் பிரசவம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மேடம், உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டாள். வாயால் சொன்னால் கத்திவிடுவேன் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்த லேட்டுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். என் ஜாதகத்தில் எட்டாமிடத்தில் செவ்வாய். இருபத்திரண்டு வயதிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். காபி குடித்தார்கள், பஜ்ஜி நன்றாக இருக்கிறது என்றார்கள், ஜாதகத்தை வாங்கிக்கொண்டு போனார்கள், அதோடு சரி. முப்பத்தைந்து வயதில், அதே செவ்வாய் உள்ள ஒருவர் குரோம்பேட்டையில் நாற்பது வயதுவரை உட்கார்ந்திருப்பதாகத் தரகர் கண்டுபிடித்தார். அவர்தான் சேகர். தோஷத்துக்குத் தோஷம் சரியாகப் போயிற்று என்று இரண்டு வீட்டிலும் சந்தோஷம். பஞ்சாங்கம் எங்களை உட்காரவைத்த வருடங்களுக்கு ஆஸ்பத்திரியில் நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சேகரிடம் ஒருவரும் ஏன் லேட் என்று கேட்கவில்லை. இத்தனைக்கும் அவருக்கு என்னைவிட ஐந்து வயது அதிகம்.

கல்யாணமான மூன்றாவது வருடம் நாள் தள்ளிப் போனது. கிழக்குத் தாம்பரத்தில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பெண்கள். சீட்டு கொடுக்கிற நர்ஸ் என்னைப் பார்த்து, "பொண்ணு எங்கம்மா? உள்ள அனுப்புங்க" என்றாள். நான் என் வயிற்றைக் காட்டினேன். பெஞ்சு முழுக்க ஒருமுறை திரும்பிப் பார்த்தது.

டாக்டர் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். பரிசோதித்துவிட்டு என் அட்டையின் மேல் மூலையில் சிவப்பு மையால் எல்டர்லி ப்ரைமி என்று எழுதினார். முப்பத்தைந்தைத் தாண்டி முதல் பிரசவத்துக்கு வருகிறவர்களுக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர். எல்டர்லி என்றால் முதியவர் என்று அர்த்தம். வங்கியில் அந்த வார்த்தையை நாங்கள் பென்ஷன் வாங்க வருகிறவர்களுக்குப் பயன்படுத்துவோம்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். பெண் பிறக்கும்போதே அவள் கருமுட்டைகளும் அவளோடு பிறந்துவிடுகின்றன. அவளுக்கு முப்பத்தெட்டு என்றால் அவற்றுக்கும் முப்பத்தெட்டு. அதனால் குழந்தை மனவளர்ச்சி குறைந்து பிறக்கிற வாய்ப்பு சின்ன வயதுக்காரிகளைவிடக் கொஞ்சம் கூடுதல். கர்ப்பத்தில் சர்க்கரை வரலாம். ரத்த அழுத்தம் ஏறலாம். வலி எடுத்தாலும் கர்ப்பப்பை மெதுவாகத்தான் வேலை செய்யும், அதனால் கத்தி வைக்க நேர்வது அதிகம். முப்பத்தைந்து பிறந்த அன்றைக்கே உடம்பு கெட்டுவிடாது, வருடத்துக்கு வருடம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிற விஷயம் இது என்றும், பெரும்பாலானவர்களுக்கு ஒழுங்காகவே பிறக்கிறது என்றும் சொன்னார். ஆனால் இந்தக் கடைசி விஷயத்தை ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டி வைத்துக்கொண்டே, போகிறபோக்கில் சொன்னார். பயப்பட வேண்டியதை மட்டும் கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

ஆறாவது மாதம்வரை எந்தத் தொந்தரவும் இல்லை. ஏழில் ரத்த அழுத்தம் ஏறத் தொடங்கியது. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். இங்கே என் மாமியாரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், பின்னால் அவர்மேல் நான் காட்டப்போகிற கோபத்தில் அது மறந்துவிடும். டாக்டர் உப்பு வேண்டாம் என்ற அன்றிலிருந்து அவர் வீட்டில் யாருக்கும் உப்பு போட்டுச் சமைக்கவில்லை. "அவ மட்டும் சப்புன்னு சாப்பிட்டா வாய்க்கு எறங்குமா?" என்று, உப்பில்லாத ரசத்தை எனக்கு எதிரே உட்கார்ந்து தானும் சாப்பிட்டார். சேகர் முகத்தைச் சுளித்தால், "உன் பொண்டாட்டி திங்கறா, உனக்கென்ன வந்தது?" என்பார். சொந்த அம்மா இல்லாத எனக்கு அது பெரிய விஷயமாக இருந்தது. இப்போதும் பெரிய விஷயம்தான்.

எட்டாம் மாதம் ஐப்பசி மழை. காம்ப் ரோட்டில் முழங்கால் தண்ணீர். என் கால் செருப்புக்குள் நுழையவில்லை. விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்றது. ஆஸ்பத்திரியில் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து ஸ்பிரிட் விளக்கில் காட்டினார்கள். முட்டை வெள்ளைக்கரு வெந்தமாதிரி மேலாக வெள்ளையாகக் கட்டியது. உடம்பில் நிற்க வேண்டிய புரதம் வெளியே போகிறது, ரத்த அழுத்தம் சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். இதற்கு மேல் போனால் வலிப்பு வரும், தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்றார் டாக்டர். அன்றே சேர்த்துக்கொண்டார்கள். தனி அறை காலியில்லை. பொது வார்டில் ஜன்னலோரக் கட்டில்.

அடுத்த கட்டிலில் செல்வி இருந்தாள். பள்ளிக்கரணைக்காரி. புருஷன் மணல் லாரியில் கிளீனர், லாரி முதலாளி இங்கே சேர்த்துவிட்டிருந்தார். தனக்குப் பதினெட்டு என்றாள், பார்த்தால் பதினாறுக்கு மேல் சொல்ல முடியாது. அவளுக்கும் ரத்த அழுத்தம், அவளுக்கும் கால் வீக்கம். மிகச் சின்ன வயதிலும் இது வரும் என்று டாக்டர் அவள் மாமியாரைத் திட்டிவிட்டுப் போனார். செல்வி என் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏன்க்கா, உனுக்கு வயசு ஜாஸ்தின்றாங்க. எனுக்குக் கம்மின்றாங்க. கரீட்டான வயசுன்னு ஒண்ணு கீதா, இல்ல சும்மா திட்டிகினே இருப்பாங்களா?"

"இருக்கு. அந்த வயசுல இருக்கறவங்களுக்கு வேற ஏதாவது சொல்லித் திட்டுவாங்க" என்றேன்.

"பேஜாரு" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள்.

சேர்ந்த சில நாளில், ஒரு காலையில் டாக்டர் வந்து அழுத்தம் பார்த்தார். கருவியின் காற்றை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினார். மறுபடி பார்த்தார். சேகரும் மாமியாரும் ஃப்ளாஸ்கில் கஞ்சியோடு அப்போதுதான் வந்திருந்தார்கள்.

"மாத்திரைக்கு அடங்கல. இனிமே வெயிட் பண்றது நல்லதில்ல. இன்னைக்கு மத்தியானமே எடுத்துடலாம். குழந்தை கொஞ்சம் எடை குறைவா இருக்கும், பொட்டியில வெச்சுப் பாத்துக்கலாம்" என்றார் டாக்டர்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. மாமியார் ஃப்ளாஸ்கைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். அங்கே தினசரிக் காலண்டர் தொங்கியது. கிட்டே போய் அன்றைய தாளைக் கண்ணைச் சுருக்கிப் படித்தார்.

"இன்னைக்கு ஆயில்யம்" என்றார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆயில்ய நட்சத்திரத்தில் பெண் பிறந்தால் அவளுக்கு வரப்போகிற மாமியாருக்கு ஆகாது என்று ஒரு நம்பிக்கை. அந்த நட்சத்திரம் என்று தெரிந்தாலே பையன் வீட்டில் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பிறப்பது பெண்ணாக இருந்துவிட்டால் என்பதுதான் மாமியாரின் பயம். அடுத்த நட்சத்திரம் மகம். மகம் என்றால் எல்லாருக்கும் வாயெல்லாம் பல். மறுநாள் காலை பத்தரைக்கு ஆயில்யம் முடிந்து மகம் பிறக்கிறது.

சேகர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மழையில் சேலையூர் ஜோசியரிடம் போனார். நனைந்து திரும்பிவந்து, நாளைக்குப் பதினொரு மணிக்கு மேல் அருமையான நேரம் இருக்கிறதாம் என்றார். கையில் ஒரு துண்டுத் தாளில் அந்த நேரத்தை எழுதியும் வாங்கி வந்திருந்தார்.

"என்னங்க இது? டாக்டர் இன்னைக்குன்னு சொல்றாங்க" என்றேன்.

"ஒரு நாள்தானே பத்மா."

"அந்த ஒரு நாள் என் உடம்புல ஓடுது. உங்க உடம்புல இல்ல."

மாமியார் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். அவர் பேசியதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன், ஏனென்றால் இன்றுவரை என் காதை விட்டுப் போகவில்லை.

"நல்லா கேட்டுக்கோம்மா. உனக்கு இது ஒண்ணுதான். இனிமே உனக்கு வயசு இல்ல. நாலு பெத்துக்கற வயசா இருந்தா ஒண்ணு எப்படிப் பொறந்தா என்னன்னு விட்டுடலாம். இருக்கறது ஒண்ணு, அது நல்லபடியா பொறக்க வேணாமா? என் பிள்ளை நாப்பது வயசுவரைக்கும் உக்காந்திருந்தான். ஒவ்வொரு ஐப்பசியும் கார்த்திகையும் யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கு நான் மொய் எழுதிட்டு வந்து அழுவேன். இந்தக் கொழந்தையும் அப்படி உக்காரணுமா?"

என் வயதுதான் அழுத்தத்தை ஏற்றியது. அதே வயதைக் காட்டித்தான் என்னைக் காத்திருக்கச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் நானே மாட்டிக்கொண்டேன்.

டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன். வந்தார். "நான் கையெழுத்துப் போடறேன் மேடம். இப்பவே எடுங்க" என்றேன். வங்கியில் என் கையெழுத்துக்கு இந்தியா முழுக்க மதிப்பு உண்டு. நான் கையெழுத்திட்ட டிராஃப்டை டில்லியில் கேள்வி கேட்காமல் பணமாக்குவார்கள்.

"உங்க ஹஸ்பெண்ட் கையெழுத்து வேணும்மா. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா கேள்வி அவர்தான் கேப்பார்" என்றார் டாக்டர். பிறகு சேகர் பக்கம் திரும்பினார். இந்த இடத்தில் டாக்டர் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தியிருந்தால் சேகர் பயந்து கையெழுத்துப் போட்டிருப்பார், எனக்கு அவரைத் தெரியும். ஆனால் டாக்டருக்கு இது பழக்கம். நல்ல நேரம் குறித்துக்கொண்டு வருகிறவர்களை வைத்துத்தான் அந்த ஆஸ்பத்திரியின் தியேட்டர் பாதி நாள் ஓடியது. "ஊசி போட்டுப் பாக்கறேன். கொஞ்சம் எறங்கினா காலையில எடுக்கலாம். ஏறினா நான் யாரையும் கேக்க மாட்டேன்" என்றார். ஊசி போட்டார்கள். ஒரு மணிநேரத்தில் அழுத்தம் கொஞ்சம் இறங்கியது. மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு எல்லாரும் நிம்மதியாகச் சாப்பிடப் போனார்கள்.

மத்தியானம் முழுக்கப் படுத்திருந்தேன். விமானப் படைப் பயிற்சி விமானம் ஒன்று மழை விட்டதும் மேலே சுற்றிக்கொண்டே இருந்தது. முதலில் தலைவலி. நெற்றியில் வருகிற தலைவலி இல்லை, பின்மண்டையில். பிறகு விலா எலும்புக்குக் கீழே, நடு வயிற்றின் மேல்பக்கம் ஒரு வலி. இதைப் படிக்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அது அஜீரணம் இல்லை. கல்லீரல் வீங்குகிற வலி. நர்ஸிடம் சொன்னேன். "சாப்பிட்டது செரிக்கலயா இருக்கும்" என்று சோடா மாத்திரை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள். சேகரிடம் சொன்னேன். என் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே, "கொஞ்சம் பொறுத்துக்கோ பத்மா, நாளைக்கு இந்நேரம் எல்லாம் முடிஞ்சிருக்கும்" என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். அன்பாகச் சொன்னதால் எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது.

விளக்கு வைக்கிற நேரம். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே மின்மினி மாதிரி வெளிச்சப் புள்ளிகள் ஓடத் தொடங்கின. "செல்வி, உனக்கு அங்க ஏதாவது பளிச் பளிச்னு தெரியுதா?" என்று கேட்டேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மற்றது கேட்டுத் தெரிந்துகொண்டது.

என் கண் மேலே செருகிப் பல் கடித்துக்கொண்டதாம். கட்டில் அதிர்ந்ததாம். செல்விதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வராண்டாவில் ஓடி, "யாராவது வாங்க, அக்காவுக்கு இய்த்துகினு கீது" என்று ஆஸ்பத்திரியே கேட்கிற மாதிரி கத்தியிருக்கிறாள். இரண்டாவது வலிப்பு தியேட்டர் வாசலில். கையெழுத்து வாங்க யாரும் நிற்கவில்லை. வலிப்பு வந்தவளுக்கு யார் கையெழுத்தும் தேவைப்படவில்லை. என் மகள் ஆயில்ய நட்சத்திரத்திலேயே பிறந்தாள்.

கண் விழித்தபோது இருட்டாக இருந்தது. தாம்பரத்தில் இருட்டு ஒன்றும் அதிசயம் இல்லை. "கரண்ட் எப்போ போச்சு?" என்று கேட்டேன். தலைக்கு மேல் ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன். பிறகு புரிந்தது.

டாக்டர் என் இமையைப் பிரித்தது விரலின் தொடுகையிலும், டார்ச் அடித்தது பொத்தானின் சத்தத்திலும் தெரிந்தது. "கண்ணு நல்லாத்தான் இருக்கு. பார்வையைப் புரிஞ்சுக்கற இடம் மூளையில பின்பக்கம் இருக்கு. அங்க நீர் கோத்து வீங்கியிருக்கு. வடிஞ்சதும் திரும்பிடும்" என்றார்.

"எப்போ?"

"திரும்பிடும்மா."

குழந்தை உயிரோடு இருக்கிறது, பெண், எடை குறைவு, பல்பு எரிகிற கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னார்கள். நான் எத்தனை முறை கேட்டாலும் அதையேதான் சொன்னார்கள். என் பயம் வேறு. முதல் நாளே டாக்டர் சொன்ன மனவளர்ச்சி விஷயம் மாதக்கணக்கில் உள்ளே கிடந்தது. அதைப் பிறப்பதற்கு முன்னால் கண்டுபிடிக்கிற வசதி எங்கள் பக்கத்தில் அப்போது இல்லை. முகத்தைப் பார்த்தால் கண்ணின் அமைப்பில் தெரியும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். முகத்தைப் பார்க்க எனக்கோ கண் இல்லை. வீட்டார் உண்மையைச் சொல்வார்கள் என்ற நம்பிக்கையும் இல்லை.

செல்வி அவளாகவே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கட்டில் பக்கத்தில் அவள் மூச்சு வாங்குவது கேட்டது.

"அக்கா, கண்ணாடி வயியா பாத்துட்டு வந்துட்டேன். சொல்லட்டா?"

"நெஜத்தைச் சொல்லு."

"செவப்பா கீது. ரொம்பச் சின்னது, என் முயங்கை அளவுதான். தலை நெறைய முடி. மூக்கு உன்து. நெத்தி உங்க வூட்டுக்காரரு. கையை இறுக்கி மூடிகினு கீது, யாரியோ குத்தப்போற மாறி."

"கண்ணு? கண்ணு எப்படி இருக்கு? ஓரம் மேல தூக்கினாப்ல இருக்கா?"

"முய்ச்சிப் பாத்துச்சுக்கா. எல்லாக் கொயந்தைக்கும் கீற மாறிதான் கீது. டாக்டரம்மாவும் கையெல்லாம் விரிச்சிப் பாத்துட்டு நல்லா கீதுன்னுச்சு. நான் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன்."

அப்போதுதான் அழுதேன். தையல் போட்ட வயிறு இழுத்துக்கொண்டது.

"யாரைக் குத்தப்போகுது அது?" என்று கேட்டேன்.

செல்வி குனிந்து காதில் சொன்னாள். "உன் மாமியாரத்தான்."

சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுதபோது வலித்ததைவிட அதிகமாக வலித்தது.

அந்த நாட்களில் எனக்குக் கஞ்சி ஊட்டியது, துடைத்துவிட்டது, தலை வாரிப் பின்னியது எல்லாம் மாமியார்தான். "வாயைத் தெற" என்பார். ஸ்பூன் உதட்டில் படும். பார்வை இல்லாதவளுக்குக் கையின் வாசனை நன்றாகத் தெரியும். விபூதியும் சீயக்காயும் கலந்த அந்தக் கையை நான் வெறுத்தேன், வாயைத் திறந்தேன், விழுங்கினேன். வேறு வழி இல்லை. சேகர் என் காலடியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அவர் மன்னிப்புக் கேட்டாரா என்று கேட்பீர்கள். இல்லை. பாதத்தைத்தான் பிடித்தார்.

பார்வை ஒரே நாளில் வரவில்லை. முதலில் ஜன்னல் இருக்கிற பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம். மறுநாள் குளுக்கோஸ் பாட்டிலின் பளபளப்பு. பிறகு சேகரின் சட்டையில் கோடுகள். அதற்குப் பிறகுதான் குழந்தையைக் கொண்டுவந்து மார்பில் வைத்தார்கள். நெற்றி சேகருடையதுதான். செல்வி சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. அவளுக்கும் அதற்குள் ஒரு பையன் பிறந்து, தாயும் பிள்ளையும் நன்றாக இருந்து, எனக்கு முன்னாலேயே ஊருக்குப் போய்விட்டாள்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஒரே வசனமும் கொண்டுவந்தார்கள். "வயசாயிடுச்சில்ல, அதான்." என் அத்தை சொன்னாள். மேனேஜர் சொன்னார். குரோம்பேட்டை வீட்டுக்கு எதிர்வீட்டுப் பெண் சொன்னாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரும் சொன்னார். "இந்த வயசுல இப்படி வரும்மா. இன்னொண்ணு வேண்டாம்" என்று. அழுத்தம் ஏறியதற்கு என் வயது காரணம், ஒத்துக்கொள்கிறேன். காலையில் தெரிந்த விஷயத்துக்கு விளக்கு வைக்கிறவரை என்னைக் கட்டிலில் கிடத்திவைத்ததற்கு என் வயது காரணம் இல்லை. அன்றிலிருந்து தினமும் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறேன். காத்திருக்க வைத்தது என் வயது இல்லை என்று டாக்டரிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மயக்கமாகவும் களைப்பாகவும் இருந்தது, தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு ஒரு சமாதானம் இருந்தது. அதைச் சொன்னால்தான் கடைசியில் நடந்தது புரியும். மாமியார் பயத்தில் அப்படிச் செய்தார், அந்த நட்சத்திரத்தை மாற்ற அவருக்கு வேறு வழியே தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். வழி தெரியாத மனுஷியை எவ்வளவு நாள் கோபித்துக்கொள்வது? மெல்ல மெல்ல அவர் கொடுக்கிற பத்தியச் சாப்பாட்டைப் பேசிக்கொண்டே சாப்பிட ஆரம்பித்திருந்தேன்.

குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கு முன்னால் சேகர் ஜோசியரிடமிருந்து ஜாதகம் எழுதி வாங்கிவந்தார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. பார்வை திரும்பியதிலிருந்து கையில் கிடைத்த எதையும் படிக்கிற பழக்கம் எனக்கு. வாங்கிப் படித்தேன். மக நட்சத்திரம். பிறந்த நேரம் மறுநாள் காலை பதினொரு மணிக்கு மேல்.

"இது யாரோட ஜாதகம்?" என்று கேட்டேன்.

"நம்ம குழந்தையோடதுதான்" என்றார் சேகர்.

"இதுல போட்டிருக்கற நேரத்துல நான் கண்ணு தெரியாம கெடந்தேன். குழந்தை பொட்டியில இருந்தா."

சேகர் அம்மாவைப் பார்த்தார். மாமியார் தூளியை ஆட்டிக்கொண்டே, "ஊர்ல எல்லாரும் எழுதறதுதாம்மா. ஆஸ்பத்திரி சர்டிபிகேட்டை யாரு கேக்கப் போறாங்க? ஜாதகத்தைத்தான் கேப்பாங்க" என்றார்.

"இப்படி மாத்தி எழுதிக்கலாம்னு உங்களுக்கு எப்போ தெரியும் அத்தை?"

"இதுல தெரியறதுக்கு என்ன இருக்கு? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"அன்னிக்கு, டாக்டர் மத்தியானம் எடுக்கலாம்னு சொன்னப்பவும் தெரியுமா?"

தூளி நின்றது. அவர் பொய் சொல்லியிருக்கலாம். அப்போது தெரியாது, பிறகுதான் ஜோசியர் சொன்னார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன், நம்பத் தயாராகத்தான் இருந்தேன்.

"தெரியும்மா" என்றார். "நெஜமாவே நல்ல நேரத்துல பொறந்துட்டா பொய் எழுத வேண்டாமேன்னு பாத்தேன்."

சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நான் அழவில்லை. என் கை காகிதத்தைக் கிழிக்கத்தான் போனது. தூளியில் குழந்தை சிணுங்கியது. கிழிக்காமல் மடித்துச் சேகர் கையிலேயே கொடுத்தேன்.

"இதை அன்னிக்கு மத்தியானமே எழுதியிருக்கணும் அத்தை" என்று சொல்லிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு பால் கொடுக்க உள்ளே போனேன்.